நிரையும் பேரும்: மலையகம் பற்றிய புள்ளிவிபர அட்டவணைகளை வாசித்தல்

'நிரை' என்னும் சொல் தேயிலை மலையிலும் கணித நூலிலும் ஒருங்கே வழங்குவது. ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிற் காலையில் மலைக்குச் செல்லும் பெண்ணுக்குக் கொழுந்தெடுக்கவெனப் பிரித்துக் கொடுக்கப்படும் செடிவரிசை நிரை. எமது பாடசாலைக் கணிதத்திலோ அட்டவணையின் கிடைவரிசை நிரை. நிலைக்குத்து வரிசை நிரல். 'பேர்' என்னும் சொல்லுக்கும் தோட்டத்தில் இரட்டைப் பொருள் உண்டு. அது ஆளின் பெயர். அந்த ஆளின் ஒரு நாள் வேலைக்கான சம்பளப் பதிவும் அதுவே. 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று ஒரு தொழிலாளியிடம் கேட்டால், எத்தனை நாட் சம்பளம் விழுந்தது என்பதே கேள்வி. குறித்த நிறைக்குக் கொழுந்து வராதவிடத்து விழுவது 'அரைப்பேர்'. உழைப்பின் அளவு குறையும்போது பெயரே பாதியாகிவிடுகின்றது என்ற இவ்வழக்கை ஆக்கியோர் கவிஞர் அல்லர். செக்ரோல் என்னும் பதிவேட்டின் நிரையில் நாள்தோறும் தம் பெயரைத் தேடி நின்றோர் ஆக்கியது அது.

இலக்கிய விமர்சனத்திற் பழகிய கண்ணோடு புள்ளிவிபர அட்டவணையை ஒரு பனுவலாக வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இம்முயற்சிக்கு உடனடிக் காரணமும் உண்டு. குடிசன மதிப்பீட்டின் அட்டவணைகளும் வீட்டலகு வருமான செலவு அளவீட்டின் அட்டவணைகளும் இன்று கணினியிற் கையாளப்படுகின்றன. சமூக விஞ்ஞான மாணவர் மாத்திரமன்றி, மொழி, இலக்கிய மாணவரும் 'ஆர்' என்னும் கணினி மொழியைக் கற்று, அட்டவணை அமைத்து, வரைபு கீறி ஆய்வேட்டிற் சேர்க்கின்றனர். இவ்வாய்வேடுகளில் எண்கள் எங்கிருந்து பெறப்பட்டன என்பது விரிவாகச் சொல்லப்படுகின்றது. நிரைக்கு இட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. மலையகத்தைப் பொறுத்தவரை இம்மௌனம் சிறிய விடயமன்று என்பதே எமது கருத்து.

முதலில் அம்மொழியின் இயல்பைச் சுருங்கச் சொல்லுதல் வேண்டும். 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்சும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கத் தொடங்கிய 'எஸ்' என்னும் மொழியை அடியொற்றி, நியூசிலாந்தின் ஒக்லன்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபேட் ஜென்ரில்மனும் 1990-களில் ஆக்கியது 'ஆர்'. அதன் தரவுச்சட்டகத்தில் ஒவ்வொரு நிரைக்கும் பெயர் இருந்தே ஆகவேண்டும். நாம் பெயர் தராவிடில் மொழி தானாகவே 1, 2, 3 என இலக்கமிடும். நிரைப்பெயர் வெறுமையாக இருத்தல் கூடாது. இரண்டு நிரைகளுக்கு ஒரே பெயர் இருத்தலும் கூடாது; இருந்தாற் கணினி பிழை காட்டி நின்றுவிடும். இன்னுமொரு நுட்பம்: சில நிரைகளை நீக்கி எஞ்சியவற்றை எடுத்தால், தானாக இடப்பட்ட இலக்கங்கள் புதிதாக அடுக்கப்படுவதில்லை. மூன்றாவதாக இருந்தது 3 என்றும் ஏழாவதாக இருந்தது 7 என்றுமே நிற்கும். இலக்கம் தன் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கின்றது. யாரை நீக்கினோம் என்பதை இடைவெளிகள் காட்டிக்கொடுக்கின்றன.

இவ்விதிகளைக் கற்கும் மலையக மாணவர்க்கு இவை புதியனவாகத் தோன்றமாட்டா. கணினி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே பெருந்தோட்ட நிருவாகம் இவ்விதிகளைக் கையாண்டது. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டி அனுப்புவதில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது தகரச் சிட்டை முறை. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கம் பொறித்த தகரத் துண்டே ஆளின் அடையாளம். வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படவேண்டும் என்பதை அது தீர்மானித்தது. அதற்கு முன்னிருந்தே நிலவிய 'துண்டு' முறையோ கடனைப் பெயராக்கியது. ஒரு கங்காணியும் அவனது ஆட்களும் தோட்டத்துக்கு எவ்வளவு கடன்பட்டுள்ளனர் என்பதை எழுதிய கடதாசித் துண்டு அது. அத்தொகையைச் செலுத்தும் தோட்டம் ஆட்களைப் பெற்றுக்கொள்ளலாம். 1921-இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தகரத் துண்டு ஒருவருக்கு ஒன்று. கடதாசித் துண்டு ஒரு கூட்டத்துக்கு ஒன்று. முன்னையது தனியாளைச் செலவாகவும் பின்னையது ஆட்கூட்டத்தைக் கடனாகவும் சுட்டின. இரண்டிலும் பெயரிட்டவன் முதலாளி. பெயரைச் சுமந்தவள் தொழிலாளி.

செக்ரோலில் இலக்கம் தேவைப்பட்டமைக்கு நடைமுறைக் காரணம் இருந்ததென்பதை நாம் மறுக்கவில்லை. ஒரே தோட்டத்தில் இராமசாமிகள் பலர், லெட்சுமிகள் பலர். இருவருக்கு ஒரே பெயர் கூடாதென்பது கணக்கு எழுதுவோர் எவருக்கும் உள்ள தேவை. ஆயின் இலக்கம் துணையாக வந்து பெயரை மெல்லத் தள்ளிவிட்டது; பெயர் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதில் எவருக்கும் அக்கறை இல்லாமற் போயிற்று. தமிழ்ப் பெயரைக் காதாற் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார் தோட்டத்து எழுதுவினைஞர். பிறப்புச் சான்றிதழில் அது சிங்களத்தில் வேறொரு வடிவம் பெற்றது. அடையாள அட்டையில் மூன்றாவது வடிவம். லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி ஆகிய மூவரும் ஒருத்தியே என்பதை லயத்தில் உள்ள குழந்தையும் அறியும், பதிவேடு அறியாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும் முதிய தொழிலாளர் பலர், தாம் தாமே என்பதை மெய்ப்பிக்கச் சத்தியக்கடதாசியோடு அலைய நேர்வது இதனாலேயே. இரண்டு அட்டவணைகளைப் பெயரை வைத்து இணைக்கும்போது பொருந்தாத நிரைகளைக் கணினி ஓசையின்றி விட்டுவிடும் என்று பாடநூல்கள் எச்சரிக்கின்றன. ஒரு வாழ்நாளின் சேமிப்பு அவ்வாறு விடுபட்டுப் போகக்கூடும் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. எமது மாணவர் தமிழில் நிரைப்பெயர் இட்டு வரைபை அச்சுக்கோப்பாக எடுக்க முனையும்போது, எழுத்துக்குப் பதில் வெறும் பெட்டிகளோ, கொம்பும் காலும் இடம்மாறிய எழுத்துகளோ வருவதுண்டு. உரிய எழுத்துருவும் உரிய வெளியீட்டு முறையும் தெரிந்தால் இது தீரும். ஆயினும் பலர் சிரமம் கருதி ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் ஆங்கில எழுத்தில், தமக்குத் தோன்றியவாறு எழுதிவிடுகின்றனர். தோட்டத்து எழுதுவினைஞரின் வேலையை நூறாண்டு கழித்து, கூலியின்றி, தாமே செய்கின்றனர்.

தனியாளின் பெயரிலிருந்து கூட்டத்தின் பெயருக்கு வருவோம். இலங்கையின் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871-இல் நடைபெற்றது. டென்ஹம் மேற்பார்வையிட்ட 1911-ஆம் ஆண்டு மதிப்பீட்டிலேயே தமிழர் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரண்டு நிரைகளாகப் பிரிக்கப்பட்டனர். 1946-இல் இரண்டாவது நிரையில் இருந்தோர் 780,589. இரண்டாண்டுகளில், 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்நிரையில் இருந்தோரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964-ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 பேர் ஒரு மொத்தமாகக் கொள்ளப்பட்டு, 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, 150,000 பின்னர் பார்ப்பதற்கு எனப் பங்கிடப்பட்டனர். அந்த எஞ்சிய தொகையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரிக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் அண்ணன் ஒரு நிரலிலும் தம்பி மறு நிரலிலும் விழுந்த கதைகளை மலையகச் சிறுகதைகள் திரும்பத் திரும்பச் சொல்லியுள்ளன. நாடற்றோர் என்ற நிலையைச் சட்டப்படி முடிவுக்குக் கொண்டுவர 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேண்டியிருந்தன.

குடிசன மதிப்பீட்டின் சிட்டையிலிருந்து சட்டம் பிறந்தது என்று நாம் வாதிடவில்லை. அவ்வாறு சொல்வது கருத்துமுதல்வாதமாகும். தோட்டத் தொழிலாளர் அமைப்பாகித் தமது வாக்குகளால் 1947-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்துக்குத் தமது பிரதிநிதிகளை அனுப்பினர்; தலவாக்கலையிலிருந்து சென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். இடதுசாரிகளுக்கும் அவ்வாக்குகள் துணைநின்றன. இவற்றைக் கண்டு ஆளும் வர்க்கம் அஞ்சியமையே சட்டத்தின் அடிப்படை. ஆயின் அஞ்சியவனின் கைக்கு ஏற்ற கருவியாக, 37 ஆண்டுகளாகப் பழகி இயல்பாகிப் போன ஒரு நிரைப்பெயர் அங்கே கிடந்தது. பெயர் இல்லாதிருந்தால் வேறொரு பெயர் தேடப்பட்டிருக்கும். இருந்தமையால் தேடும் தேவை எழவில்லை.

அந்நிரையின் பிற்கால வரலாறும் நோக்கத்தக்கது. 1981-இல் 818,656. 2012-இல் 839,504. முப்பத்தொரு ஆண்டுகளிற் கூடியது 20,848 மாத்திரமே. எண்பதுகளில் இந்தியாவுக்குச் சென்றோரைக் கழித்தாலும் இது பிறப்பு இறப்புக் கணக்குக்குள் அடங்குவதன்று. கணிசமானோர் தம்மை 'இலங்கைத் தமிழர்' எனப் பதிந்துகொண்டமையை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். ஆட்கள் அங்கேயே இருக்க நிரை சுருங்குகின்றது. 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 'மலையகத் தமிழர்' என்னும் பெயரும் பழைய பெயரோடு சேர்த்து எழுதப்பட்டது. நீண்டகாலக் கோரிக்கை ஒன்றின் பயன் இது. எனினும், இரண்டு பெயரையும் ஒரே நிரையில் எழுதியமையால், எவர் எப்பெயரை ஏற்று அதிற் பதிந்தார் என்பதை அட்டவணையிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

இனப்பெயரைப் பற்றி இவ்வளவு பேசப்படும் நாட்டில், வர்க்கத்தை மறைக்கும் நிரைப்பெயரைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவு. எமது அரச புள்ளிவிபரம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாக வகுக்கின்றது. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், 10 பேரோ அதற்கு மேலோ குடியிருக்கும் தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டம் 'தோட்டத் துறை'. இவ்வரைவிலக்கணத்தின்படி மலையுச்சியின் துரை பங்களாவும் பள்ளத்து லயமும் ஒரே நிரை. தோட்டத்தில் வேலை செய்து ஹற்றன் நகர எல்லைக்குள் வாடகைக்கு இருக்கும் குடும்பம் வேறு நிரை. உற்பத்தி உறவைக் கேட்கவேண்டிய இடத்தில் நிலத்தின் பரப்பு கேட்கப்படுகின்றது.

2016-ஆம் ஆண்டு அளவீட்டில் வறுமைத் தலைக்கணிப்பு நகரத்தில் 1.9 சதவீதம், கிராமத்தில் 4.3, தோட்டத்தில் 8.8. வறுமைக்கோட்டைப் புதுக்கிக் கணித்த 2019-ஆம் ஆண்டு அளவீட்டில் தோட்டத்துக்குரிய எண் 33.8. நிரைப்பெயர் மாறவில்லை, லயம் மாறவில்லை, கோடு மாறியது. பழைய கோட்டின் கீழ் 'தோட்டம் முன்னேறிவிட்டது' என்று எழுதப்பட்டவை எத்தனை என்று நினைத்துப் பார்க்கலாம். மாவட்ட நிரையோ இதைவிட மங்கலானது. நுவரெலியா மாவட்டம் என்னும் ஒரே நிரையில் வலப்பனையின் சிங்கள விவசாயக் கிராமங்கள், கொத்மலை, ஹங்குராங்கெத்த, நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்கள், அம்பகமுவவின் தேயிலை மலைகள் யாவும் அடக்கம். 2012-இல் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளுள் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டிலும் தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். மலையகத் தமிழர் செறிந்து வாழும் இடங்களிலேயே நிரைகள் இவ்வளவு பருத்திருந்தன என்பது தற்செயலன்று.

லெனின் 1899-இல் வெளியிட்ட 'ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி' என்னும் நூலை எமது இலக்கிய மாணவர் படிப்பதில்லை. பொருளியலாரும் இப்போது படிப்பதாகத் தெரியவில்லை. அந்நூலின் பெரும்பகுதி நிரைப்பெயர் பற்றிய விவாதமே. உள்ளூராட்சிப் புள்ளிவிபரவியலாளர் விவசாயிகளை ஒதுக்கீட்டு நிலத்தின் அளவால் வகுத்துச் சராசரி கண்டனர். அச்சராசரியில் 'ரஷ்ய விவசாயி' என ஒருவன் தோன்றினான். உண்மையில் அப்படியொருவன் இல்லை. லெனின் அதே எண்களைப் பயிரிட்ட பரப்பாலும் வேலைக்குதிரைகளின் தொகையாலும் மீளவும் வகுத்தார். செல்வந்த விவசாயியும் நிலமிழந்து கூலியானவனும் அப்போதே வெளிப்பட்டனர். புதிய எண் எதனையும் அவர் சேகரிக்கவில்லை.

இனி வரைபு. ஆர் மொழியிற் சிதறல் வரைபு கீறினால் நிரை ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகும். எல்லாப் புள்ளிக்கும் பெயர் எழுதினால் நெருக்கமான இடத்திற் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கருமையாகும். ஆகவே மொழி சில வழக்கங்களை வைத்துள்ளது. ஒரு தொடர்புக் கோட்டைப் பொருத்தி அதன் சோதனை வரைபுகளைக் கேட்டால், நாம் வேறு சொல்லாதவரை, மிக விலகி நிற்கும் மூன்று புள்ளிகளுக்கே பெயர் எழுதப்படும். இன்று பரவலாக வழங்கும் 'ஜிஜிபிளாட்' தொகுதியில், மேல்விழும் பெயர்களைத் தவிர்க்கும் தெரிவு ஒன்று உண்டு; அதன்படி, அட்டவணையில் முன்நிற்கும் நிரையின் பெயர் எழுதப்படும், அதனோடு மோதும் பின்நிரையின் பெயர் விடப்படும். யாருக்குப் பெயர் கிடைக்கும் என்பதை வரிசை தீர்மானிக்கின்றது. பெயர்களை விலக்கி வைத்துக் கோட்டால் இணைக்கும் வழியும் உண்டு. அதற்கு வெற்றிடம் வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் 25 மாவட்டங்களை இவ்வாறு கீறினால், 18.2 சதவீத வறுமையோடு கிளிநொச்சி ஒரு முனையிலும் 0.9 சதவீதத்தோடு கொழும்பு மறுமுனையிலும் பெயர் பெறும். நுவரெலியா நடுவிலுள்ள நெரிசலில் பெயரற்ற வட்டமாக நிற்கும். கிளிநொச்சிக்குப் பெயர் கிடைத்ததில் எமக்குக் குறையில்லை. போர் விட்டுச்சென்ற வறுமை அது. ஆனால் விலகி நிற்பதே பேசத்தக்கது, நெரிசலில் நிற்பது பேசத்தகாதது என்ற பார்வை இவ்வழக்கத்துள் ஒளிந்துள்ளது. விதிவிலக்குக்குப் பெயர், விதிக்கு வட்டம்.

இவ்விடத்தில் எமது துறையின் பழைய விவாதம் ஒன்று எதிரே வருகின்றது. 1888 ஏப்ரலில் மார்கரெட் ஹார்க்னசுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், வகைமாதிரிச் சூழலில் வகைமாதிரிப் பாத்திரங்களைப் படைப்பதை யதார்த்தவாதத்தின் அளவுகோலாகக் கொண்டார். லூக்காச் அதை விரித்து, வகைமாதிரி என்பது சராசரியன்று என்று வற்புறுத்தினார். அது விந்தையான தனியனும் அன்று. சமூக முரண்பாடுகள் கூர்மையுற்றுச் சந்திக்கும் இடமே வகைமாதிரி. புள்ளிவிபர வரைபு எமக்கு இரண்டையே தருகின்றது: சராசரிக் கோடு, அதிலிருந்து விலகிய புள்ளி. லூக்காச் தேடிய மூன்றாவது, நெரிசலின் நடுவே, பெயர் எழுத இடமில்லாத இடத்தில் இருக்கின்றது.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையை (அதே பெயரிலான தொகுதி 1980-இல் வந்தது) இக்கண்ணோடு மீளப் படிக்கலாம். ஒரு பெண் எடுத்த கொழுந்தின் நிறையும் அவ்வெண்ணை நம்ப மறுப்போரின் ஐயமுமே அதன் உந்துவிசை. செக்ரோலின் கண்ணில் அது ஒரு நிரையில் விழுந்த விலகிய எண்; விலகிய எண்ணைக் கண்டால் பதிவுப்பிழை என்று ஐயுறுவதே கணக்கின் இயல்பு. கதையோ அவ்வெண்ணுக்குப் பின்னால் உள்ள கையின் திறனை, தன்மானத்தை, உடன் வேலை செய்வோரின் பொறாமையையும் பாசத்தையும் கொண்டுவந்து நிறுத்துகின்றது. அவள் சராசரித் தொழிலாளியல்லள். அதிசயப் பிறவியும் அல்லள். எண்ணாக எழுதப்படும் உழைப்பு மானமாக மாறும் இடத்தில் நிற்பவள். தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' நாவலின் (1974) சிறந்த பகுதிகளும் இத்தகையனவே.

இத்தகைய படைப்புகளை எமது விமர்சனம் எவ்வாறு எதிர்கொண்டது? முற்போக்கு விமர்சனம் மலையக எழுத்தை இலக்கிய வரலாற்றில் நிலைநிறுத்தியது. அதன் சாதனையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் அதன் தளர்ந்த வடிவங்கள், கதைமாந்தரைத் தொழிலாளி, கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என நிரைகளில் அடுக்கி, ஒவ்வொரு நிரைக்கும் எதிரே 'சுரண்டப்படுபவர்', 'கையாள்', 'சுரண்டுபவர்' என்று எழுதி முடித்துக்கொண்டன. பெண்ணுக்குத் தனி நிரல் இருக்கவில்லை, சாதிக்கும் இருக்கவில்லை. செக்ரோலின் நிரைப்பெயரையே இவ்விமர்சனம் மனிதாபிமானத் தொனியில் மீள எழுதியது. கணக்கப்பிள்ளையும் லயத்திலிருந்து வந்தவனாயிருக்கலாம் என்பதை, கதை சொல்லியிருந்தும், விமர்சனம் கேட்கவில்லை. இதற்கு மாற்றாகப் பின்வந்த சிலர் வர்க்கம் என்னும் நிரலையே அழித்துவிட்டு 'அடையாளம்' ஒன்றையே வைத்துக்கொண்டனர். அட்டவணை இதனால் எளிதாயிற்று, உண்மையாகவில்லை.

ஆர் மொழியைக் கையாள்வோரிடையே அண்மைக் காலத்தில் எழுந்த ஒரு மாற்றம் இங்கே பயன்தருவது. 'டிபிள்' என்னும் புதிய தரவுச்சட்டகம் நிரைப்பெயரைத் தனியான சிறப்புரிமையாக ஏற்பதில்லை. பெயரும் ஒரு செய்தியே, ஆகவே அது ஏனைய செய்திகளைப் போல் ஒரு நிரலில் இருக்கட்டும் என்பது அதன் நிலைப்பாடு. அட்டவணைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சுட்டிய பெயர் உள்ளே வந்துவிட்டால், அதனை எண்ணலாம், ஒப்பிடலாம், கேள்விக்குட்படுத்தலாம். ஒரே பெயரை இருவர் தாங்கவும் தடையில்லை. இதனை ஆக்கியோர் வசதி கருதியே ஆக்கினர். எமக்கு வேண்டியதும் அதிற் கிடைக்கின்றது.

பழைய செக்ரோல்களையும் பெயர்ப் பதிவேடுகளையும் எண்ணிமப்படுத்த முன்வரும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தோட்டம் இட்ட இலக்கத்தை நிரைப்பெயராக்கிவிட வேண்டாம்; அது ஒரு நிரலாக இருக்கட்டும். பெயரைப் பதிவேட்டில் உள்ளவாறே, எழுத்துப் பிழையோடும் எம்மொழியில் எழுதப்பட்டதோ அம்மொழியிலும் ஒரு நிரலில் எழுதுக. குடும்பத்தார் இன்று சொல்லும் வடிவத்தை இன்னொரு நிரலில் தமிழில் எழுதுக. பெயரை எழுதியவர் எழுதுவினைஞரா, கங்காணியா, பதிவாளரா என்பது தெரியுமாயின் அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அரைப்பேரை 0.5 என மாற்றிக் கூட்டுத்தொகை காணுமுன், அதனை 'அரைப்பேர்' என்றே எழுதிய ஒரு நிரலும் இருக்கட்டும். எந்த மலையில், எந்த மாதத்தில், யாருக்கு அது அடிக்கடி விழுந்தது என்பதை அந்நிரலிலிருந்தே தேடத் தொடங்கலாம்.